பஞ்சுவை விட்டுவிட்டு சென்னைக்குப் போகலாமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நாயின் பெயரையும் நான் மாற்றிவிட்டேன். அந்தப் பக்கத்தில் நாயின் பெயரைச் சொன்னாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். அவருக்கு 18 வயது. சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது, விடுதியும் சேர்த்து. இன்னும் ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். வீட்டில் பஞ்சு இருக்கிறான். வெள்ளை நிறம், பொமரேனியன் கலப்பு, ஒன்பது வயது. தேயிலைக் கொழுந்து எடை போடும் கொட்டகையில் ஒரு சாக்குக்குள் கண் திறக்காமல் கிடந்தவனைத் தூக்கி வந்து, மருந்துச் சொட்டுக் குழாயில் பால் புகட்டி வளர்த்தபோது இவருக்கும் ஒன்பது வயதுதான். அன்று முதல் இவர் கட்டில் காலடியில்தான் அவன் தூங்குகிறான். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார். அப்பாவுக்கு டீ பேக்டரியில் ஷிப்ட் வேலை. தம்பி எட்டாவது படிக்கிறான். பகலெல்லாம் வீட்டில் இருப்பது அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ஒருவர்தான். அவருக்கோ நாயைக் கண்டாலே ஆகாது என்கிறார்.

கேள்விகள் நிறைய. சென்னையில் தோழிகளோடு வீடு எடுத்து அவனையும் கூட்டிப் போகலாமா? முடியை மழித்துவிட்டால் வெயிலைத் தாங்குவானா? சென்னையே வேண்டாம் என்று விட்டுவிட்டு ஊட்டியில் சேரலாமா? "நீ போனதும் அவனை வெளியே கட்டிடறேன், காவலுக்கு ஆச்சு. ஒத்துவரலைன்னா மேட்டுப்பாளையத்துத் தோட்டத்துல விட்டுடலாம்" என்கிறாரே அப்பா, அது சரியா? எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம்: "ஜப்பானில் ஒரு நாய் ரயில் நிலையத்தில் காத்திருந்தே செத்ததாமே. பஞ்சுவும் சாப்பிடாமல் செத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?"

அம்மா, நான் நாய்க்கு ஊசி போடுகிற டாக்டர், மனநல ஆலோசகர் இல்லை. இருந்தாலும் இந்த மலையில் இருபது வருடத்துக்கு மேல் நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் சேர்த்தே பார்த்து வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

"ஒரு நாய்க்காகவா இப்படி அழுகிறாய்" என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் தலையணையை நனைத்ததற்கு வெட்கப்பட வேண்டாம்.

அந்த ஜப்பான் நாய்

முதலில் அந்தப் பயத்தைப் பார்த்துவிடுவோம். ஹாச்சிகோவை வளர்த்த பேராசிரியர் 1925 மே மாதம் இறந்தார். ஹாச்சிகோ இறந்தது 1935 மார்ச்சில். நடுவில் ஏறத்தாழ பத்து வருடம்! ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் அதைக் கவனித்துக்கொள்ள ஆள் இருந்தார், நிலையத்தில் தீனி போட்டவர்களும் இருந்தார்கள். இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் வாட்டிய கோழிக்கறி செருகும் குச்சிகள் கிடந்தன. இதயத்தில் புழு இருந்தது. பாதுகாத்து வைத்த உறுப்புகளைப் பல வருடம் கழித்துச் சோதித்ததில் புற்றுநோயும் இருந்தது தெரிந்தது. துக்கத்தில் பட்டினி கிடந்து செத்த நாய் இல்லை அது.

பஞ்சு உங்களைத் தேடுவான். அதை மறைக்க மாட்டேன். முதல் சில நாள் கதவைப் பார்ப்பான், உங்கள் கட்டிலடியில் போய்ப் படுப்பான், தட்டில் பாதி மீதி வைப்பான். பெரும்பாலான நாய்கள் இரண்டு மூன்று நாளில் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும், சில வாரத்தில் புது ஒழுங்குக்குப் பழகிவிடும். ஆனால் பஞ்சுவுக்கு ஒன்பது வயது. ஒரு நாள் முழுக்க ஒன்றுமே தொடவில்லை என்றாலோ, சாப்பிடாததோடு சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, "அக்கா நினைப்பு" என்று வீட்டில் சும்மா இருந்துவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். ஏக்கம் என்று நினைத்து நான்காம் நாள் தூக்கி வந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஈறு வெளுத்துப் போயிருக்கும், உடம்பு கொதிக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

உங்களை மறந்துவிடுவானோ என்றும் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் 12 நாய்களை ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கி, மூக்கருகே ஐந்து விதமான வாசனைகளைக் காட்டினார்கள். பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மூளையின் மகிழ்ச்சிப் பகுதி அதிகம் விழித்தது. அந்த மனிதர் அந்த அறையில் இல்லாதபோதே! தீபாவளிக்கு நீங்கள் வந்து இறங்கும்போது உங்கள் மேல் விடுதி சோப்பு வாசனை அடித்தாலும் அவன் உங்களைக் கண்டுபிடித்துவிடுவான்.

சென்னைக்குக் கூட்டிப் போவது

வேண்டாம். காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மனம் ஆறும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். காற்றில் ஈரம் கூடினால் அந்த வழியும் அரைகுறையாகிவிடும். சென்னையின் மே, ஜூன் புழுக்கத்தை நீங்களே தாங்கத் திணறுவீர்கள். கோத்தகிரிக் குளிரில் வளர்ந்த ஒன்பது வயது நாய்க்கு அது ஆபத்து. முடியை மழிப்பது இன்னும் மோசம். நம் ஊரில் பொமரேனியன் என்கிறோமே, அவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் வகைதான். அதற்கு இரண்டு அடுக்கு முடி. அந்த அடுக்கு வெயிலையும் ஓரளவு தடுக்கிறது. ஒட்ட வழித்தால் தோல் வெந்துபோகும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளரவே வளராது.

விடுதியில் நாய்க்கு இடமில்லை, அது உங்களுக்கே தெரியும். தோழிகளோடு வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். இதையெல்லாம் முடித்தாலும் கடைசியில் நடக்கப் போவது என்ன? நீங்கள் காலை எட்டு மணிக்குக் கல்லூரிக்குப் போவீர்கள், ஆய்வக வகுப்பு முடிந்து மாலை ஐந்து, ஆறு மணிக்கு வருவீர்கள். அதுவரை தெரியாத ஊரில், பூட்டிய அறையில் பஞ்சு தனியாக இருப்பான். ரயிலில் கூட்டிப் போவதும் லேசில்லை. முதல் வகுப்பு ஏசியில் கூபே என்கிற தனியறை முழுவதும் உங்களுடையதாக இருந்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ராத்திரி முழுக்க அந்தக் கூண்டுக்குள் அவனை நினைத்துப் பாருங்கள்.

இப்போது பஞ்சுவிடம் வீடு இருக்கிறது, வாசல் இருக்கிறது, பழகிய நாலு பேர் இருக்கிறார்கள். அங்கே போனால் நீங்கள் மட்டும்தான், அதுவும் ராத்திரியில் மட்டும்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி நல்ல கல்லூரி. அங்கே படித்துவிட்டு நல்ல நிலையில் இருக்கும் பலரை எனக்குத் தெரியும். பாடத்துக்காகவோ வீட்டுச் சூழலுக்காகவோ அங்கே சேர்வதாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள். பஞ்சுவுக்காக மட்டும் என்றால் வேண்டாம். என்றாவது ஒரு நாள் மனது சரியில்லாத நேரத்தில் அவனைப் பார்த்து "உன்னால்தான்" என்று தோன்றிவிடும். அவனுக்கு அது புரியாது, உங்களுக்குத்தான் பாரம்.

அப்பா சொன்ன இரண்டு யோசனைகள்

அப்பா மேல் கோபப்படாதீர்கள். அந்தத் தலைமுறைக்கு நாய் என்றால் வாசலில் கட்டும் காவல். ஆனால் இந்த மலையில் ராத்திரி வெளியே கட்டப்பட்ட நாய் யாருக்குக் காவல்? அதுவே சிறுத்தைக்குச் சாப்பாடு. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் சிறுத்தை முதலில் தேடி வருவது நாயைத்தான். அவிழ்ந்து கிடக்கும் நாயாவது ஓடிப் பார்க்கும், கட்டிக் கிடப்பது என்ன செய்யும்? காலையில் கதவைத் திறந்தால் கொக்கியில் சங்கிலியும், அறுந்த கழுத்துப் பட்டையும், சுவரோரம் கொஞ்சம் முடியும் மட்டும் கிடந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளை அந்தப் பட்டையை என் கையில் கொடுத்து "டாக்டர், இதைத் தைக்க முடியுமா" என்று கேட்டான். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு நாய் கிடைத்த வாசலுக்குச் சிறுத்தை மறுபடியும் வரும். அதே வாசலில்தான் அதிகாலையில் உங்கள் அம்மா வேலைக்கு இறங்குகிறார். ராத்திரி பஞ்சு வீட்டுக்குள் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

மேட்டுப்பாளையம் தோட்ட யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கவனிக்க ஒருவர் பொறுப்பேற்றால் அது வேறு வீட்டுக்குக் கொடுப்பது. சும்மா கொண்டுபோய் "விட்டுவிடுவது" என்றால் அதற்குக் கைவிடுதல் என்று பெயர். பட்டினியும் தாகமும் வரக்கூடிய நிலையில் ஒரு விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி குற்றம். அபராதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், முதல் தடவைக்கு 50 ரூபாயைத் தாண்டாது. அந்தக் காலத்துத் தொகையை இன்னும் வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்குப் பயந்து அல்ல, ஒன்பது வருடம் கட்டிலடியில் தூங்கியவனுக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பாயியைப் பற்றி

இங்கேதான் உங்கள் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு புகார்: "சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாயி டீ குடிக்கும்போது வர்க்கியில் பாதியை டீயில் நனைத்து பஞ்சுவுக்குக் கொடுத்து அவனைக் கெடுக்கிறார், சொன்னால் கேட்பதில்லை." (வர்க்கி என்பது எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்.) மூன்றாம் பக்கத்தில் அப்பாயிக்கு நாயைக் கண்டாலே ஆகாது. அம்மா, ஆகாதவர் யாராவது வர்க்கியில் பாதி கொடுப்பாரா? அதுவும் நனைத்து?

இன்னொன்று. ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். "நானும்தான் சிலோன்ல ஒரு நாயை விட்டுட்டு கப்பல் ஏறுனேன். அழுதா நாய் வருமா?" என்று அப்பாயி சொன்னதாக. அதை நீங்கள் கல்நெஞ்சம் என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-இல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இந்த மலைக்கு வந்து அரசின் டான்டீ தோட்டங்களில் தேயிலை எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்கள் தோட்டத்து வரிசை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியபோது நாயைக் கூட்டி வர வழி இருந்ததா? யாரிடமாவது ஒப்படைக்கத்தான் நேரம் இருந்ததா? ஐம்பது வருடம் கழித்தும் ஒரு கிழவிக்கு அந்த நாய் நினைவில் இருக்கிறது. பேத்தி அழும்போது அதுதான் அவர் வாயில் வருகிறது. உங்கள் வீட்டில் உங்கள் வேதனை என்னவென்று பட்டுத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் சாயங்காலம், அந்த டீ நேரத்திலேயே, அந்த நாயின் பெயர் என்ன என்று கேளுங்கள். பஞ்சுவைப் பற்றிய பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு "நான் போனதும் இவனை நீங்கதான் பார்த்துக்கணும் அப்பாயி" என்று கேட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். கேட்காமலே தலையில் கட்டுவதற்கும் கேட்டு ஒப்படைப்பதற்கும் அந்த வயதில் ரொம்ப வித்தியாசம் இருக்கிறது.

இந்த ஆறு வாரத்தில்

அவன் சாப்பாட்டை இன்றிலிருந்தே அப்பாயி கையால் வைக்கச் செய்யுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கலாம், தட்டைத் தொடக் கூடாது. காலை நடை தம்பியுடையது. அப்பாயிக்கு முட்டி வலி என்று எழுதியிருக்கிறீர்கள், சரிவில் நாயைப் பிடித்துக்கொண்டு அவரால் இறங்க முடியாது. நன்றாக விடிந்த பிறகு போகட்டும், கயிறு கையில் இருக்கட்டும். இருட்டியபின் தோட்டத்துப் பாதையே வேண்டாம். சிறுத்தை மட்டுமா, கரடியும் காட்டெருமையும் நடக்கிற பாதை அது. நாய் குரைத்துச் சீண்டிவிட்டு உங்கள் தம்பியின் காலுக்கிடையில்தான் ஓடி வரும்.

தூங்கும் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அவன் சாக்கை உங்கள் கட்டிலிலிருந்து அப்பாயி அறைக் கதவு வரை இரண்டு நாளைக்கு ஓரடியாக நகர்த்தினால் போதும். நடுவில் இரண்டு ராத்திரி நீங்கள் சித்தி வீட்டில் போய்த் தங்குங்கள். அவன் எப்படி இருக்கிறான் என்பது அப்போதே தெரிந்துவிடும். அவனைவிட உங்களுக்குத்தான் தூக்கம் வராது என்பது என் ஊகம்.

கிளம்பும் முன் ஒரு தடவை கூட்டி வாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசி, கூட்டுத் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக்கு மருந்து. ஒன்பது வயது என்பதால் ரத்தம் எடுத்துச் சிறுநீரகம், கல்லீரல் பார்த்துவிடலாம், பல்லையும் பார்க்க வேண்டும். தடுப்பூசி அட்டையை வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் ஆணியில் மாட்டுங்கள். வெறிநாய்க்கடி மருந்துக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து குன்னூரில் இருக்கிற மாவட்டம் இது. இங்கேயே "அட்டை எங்கேயோ இருக்கு டாக்டர்" என்பவர்கள்தான் அதிகம். அப்பாயிக்குப் பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டுங்கள்: சாக்லேட், திராட்சை, வெங்காயம், வெந்த கோழி எலும்பு கூடாது. மனிதர் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை ஒருபோதும் கூடாது. அப்பாயியின் முட்டி வலி மாத்திரையும் அதில் அடக்கம்.

இடத்தை நிரப்ப ஒரு குட்டி வாங்கலாமா என்று யாரோ சொன்னார்களாம். வேண்டாம். வயதானவனுக்குத் தொந்தரவு, அப்பாயிக்கு இரட்டை வேலை.

கிளம்பும் நாளில் அவன் தூங்கும்போது சத்தமில்லாமல் நழுவிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒளிய வேண்டாம், கட்டிப் பிடித்துக் கதறவும் வேண்டாம். நாய்க்கு "மூன்று வருடப் படிப்பு" புரியாது. நீங்கள் நடுங்குவது மட்டும் புரியும். பள்ளிக்கூடம் போகும்போது எப்படித் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவீர்களோ அப்படியே போங்கள். துவைக்காத சட்டை ஒன்றை அவன் சாக்கில் விட்டுப் போகலாம், நல்லதுதான். வீடியோ காலைப் பொறுத்தவரை, உங்கள் குரலைக் கேட்டு அவன் வாலாட்டினால் பேசுங்கள். கதவருகே போய் அலைந்தால் அன்றோடு நிறுத்திவிட்டு அப்பாயியிடம் பேசுங்கள். அந்தக் கால் பெரும்பாலும் நமக்காகத்தான், அவனுக்காக இல்லை.

கடைசிப் பக்கத்தில் அடித்து எழுதிய கேள்வி

"நான் இல்லாதபோது அவன் செத்துவிட்டால்?" என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறீர்கள். நேராகவே பதில் சொல்கிறேன். இந்த வகைக் கலப்பு நாய்கள் 12, 14 வயது வரை இருப்பது சாதாரணம். நீங்கள் படிப்பை முடிக்கும்போது அவனுக்கு 12. நீங்கள் திரும்பி வரும்போது அவன் இருப்பான் என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் நான் உறுதி தர முடியாது, யாராலும் முடியாது.

அதனால் வீட்டில் இப்போதே ஒன்று பேசி வையுங்கள்: பரீட்சை நேரமானாலும் சரி, அவனுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் செமஸ்டர் முடியட்டும் என்று மகனிடம் ஒரு மாதம் மறைத்தது. தினமும் போனில் "நல்லா இருக்கான்" என்றார்கள். பையன் பஸ்ஸை விட்டு இறங்கி, நாய்க்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தோடு வாசலுக்கு வந்தான். நாய் போனதை அவன் தாங்கிக்கொண்டான். அந்த முப்பது நாள் போன் பேச்சை இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த வாரம் எந்த நாளானாலும் காலையில் கிளினிக்குக்கு வாருங்கள். பஞ்சுவுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து, வெறும் வயிற்றில் கூட்டி வாருங்கள், ரத்தம் எடுக்க வேண்டும். அப்பாயியும் கூட வரட்டும். இனி அவன் மருந்து நேரமெல்லாம் அவர் பொறுப்பு, அவரிடமே சொல்லிவிடுகிறேன். வர்க்கி விஷயத்தையும் நானே பேசிக்கொள்கிறேன். பாதியைக் கால் பாகமாகக் குறைக்க ஒத்துக்கொண்டாலே எனக்குப் போதும், டீயில் நனைக்காமல்.